ஊர் என்னும் சொல்

பிறநாடு சென்று கற்றல் என்றவுடன் நம் பல்கலைக்கழகத்து மாணாக்கர் மனத்தில் எழுவது பெரும்பாலும் இலண்டனோ மெல்பேணோதான். குளிர்நாடு செல்வதே வெளிநாடு செல்வது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால், நம் தீவைப்போல் ஐம்பது மடங்கு பரப்புடையதாய், எண்ணற்ற மொழிகள் வழங்குவதாய்க் கிடக்கும் வெப்பவலயப் பெருநாட்டை நாம் வெளிநாடாகக் கொள்வதில்லை. தலயாத்திரைக்கும் வைத்தியத்துக்கும் சேலை வாங்குவதற்கும் உரிய இடமாகவே அதனைக் கருதிப் பழகிவிட்டோம்.

மலையகத்திலிருந்து வந்த எம்மைப் போன்றோர்க்கு நிலைமை சற்று வேறானது. எங்களுக்கு உயர்கல்வியின் வாசலாக இந்தியா நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு நிதியம் இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் 1947ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. 1950இல் தோன்றிய இந்தியக் கலாசார உறவுகள் பேரவை வழங்கும் புலமைப்பரிசில்களைப் பெற்று இந்தியப் பல்கலைக்கழகங்களிற் பயின்று திரும்பியோர் அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கின்றனர்.

ஆயினும் "இந்தியாவுக்குப் போதல்" என்ற தொடர் எங்கள் வீடுகளில் ஒருபோதும் இலேசான தொடராக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கிய நாள்முதல் அது பிறர் எம்மை நோக்கி இடும் கட்டளையாயிற்று. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாக வைத்துப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே லயத்தில் ஒரு காம்பராவினர் இந்தியாவுக்கும் அடுத்த காம்பராவினர் இலங்கைக்கும் எழுதிக் கொடுத்தனர். எங்கள் குடும்பத்தில் என் அப்பாயி இங்கே தங்கினார். அவருடைய தங்கை, அதாவது என் சின்ன அப்பாயி, மணமுடித்த வீட்டாருடன் 1973இல் போனார். அக்காலத்துக் கோச்சிக்கு அட்டன் பக்கத்து மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி" என்பதாகும்.

இந்தப் பின்னணியோடுதான், மூன்றாம் வருடத்தில் தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் வரலாறு கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 2023 யூலையில் புறப்பட்டு நவம்பர் முடிவில் திரும்பினேன். விமானச் சீட்டு அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் வாங்கப்பட்டது. கொழுந்துக் கூடை சுமந்து சேர்த்த காசு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கடலைக் கடந்துவிட்டது. என் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடும் வாந்திபேதியும் கடந்து வந்த வழியை நினைக்கையில் அந்த ஒன்றரை மணித்தியாலம் ஒருவகை அநியாயமாகவே தோன்றிற்று.

நான் சென்றிருந்த சமயத்திலேதான், மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூரும் நடைபவனி யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபெற்றது. என் தோழியர் சிலர் அதில் நடந்தனர். அவர்கள் அனுப்பிய படங்களைச் சென்னை விடுதியின் மொட்டைமாடியில் இருந்து பார்த்தேன். முன்னோர் வந்த திசையில் அவர்கள் நடக்க, முன்னோர் விட்டுவந்த திசையில் நான் இருந்தேன்.

முதலில் என்னைத் திணறச் செய்தது வெயில். பனியும் சாரலும் பழகிய உடம்புக்குச் சென்னையின் யூலை மாதம் அடுப்படி போல இருந்தது. அடுத்தது அந்நாட்டின் அளவு. என் அறையில் மூவர் இருந்தோம். ஒருத்தி மணிப்பூரிலிருந்து வந்தவள். வீடு சேர அவளுக்கு இரயிலிலும் பஸ்ஸிலும் நாட்கணக்கிற் செல்லும். மற்றவள் முசிறிப் பக்கத்தவள். காலையில் கண்டியில் ஏறி மாலைக்குள் நாட்டின் எந்த மூலையையும் அடைந்துவிடும் நமக்கு, ஒரு நாட்டுக்குள்ளேயே நாட்கணக்காகப் பயணம் செய்வோரின் பொறுமை புதிதாயிருந்தது. ஓகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான் - 3 நிலவில் இறங்கியபோது விடுதிப் பெண்கள் எல்லோரும் தொலைக்காட்சி முன் கூடிக் கைதட்டினர். நானும் தட்டினேன், விருந்தாளி தட்டுவதுபோல.

மொழி என்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். தெருப் பலகை முதல் பஸ்ஸின் நெற்றி வரை எங்கும் தமிழே இருந்தமை முதல் வாரத்தில் பெரும் மயக்கத்தைத் தந்தது. அரசாங்க அலுவலகமொன்றில் என் மொழியிலேயே கேட்டு என் மொழியிலேயே பதில் பெறுவது எத்துணைச் சுகமானது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எனினும் அந்த மொழியே என்னைக் காட்டியும் கொடுத்தது. "நான் கோச்சியில் வந்தேன்" என்றேன். கேரளத்துக் கொச்சியிலிருந்து வந்ததாகப் புரிந்துகொண்டனர். பாண், சீனி, காம்பரா, இஸ்தோப்பு என்பவற்றுக்கெல்லாம் உரை சொல்ல வேண்டியதாயிற்று. இதைவிட விநோதம் ஒன்று உண்டு. இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ் என்றே அவர்கள் அறிந்திருந்தனர். என் பேச்சைக் கேட்ட விரிவுரையாளர் ஒருவர், "நீங்க பேசுறது சிலோன் தமிழ் மாதிரி இல்லையேம்மா, திருச்சிப் பக்கம் மாதிரில்ல இருக்கு?" என்றார். இலங்கையில் 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு தொடங்கி எங்களைத் தனியே பிரித்து "இந்தியத் தமிழர்" என்றே எழுதி வந்தனர். இந்தியாவிலோ நான் போதிய அளவு இலங்கைத் தமிழச்சியாக இல்லை.

ஆனால் பதிவுப் படிவத்தில் "தேசியம்" என்ற கட்டத்துக்கு எதிரே எழுத்தர் "இலங்கை" என்று மட்டும் எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் அடைமொழி எதுவும் இல்லை. என்னை அவ்வாறு ஒற்றைச் சொல்லால் ஒருவர் எழுதியது அதுவே முதல் தடவை. இலங்கையில் எனக்குக் கிடையாத அந்தச் சொல், இந்தியாவில் நான் அந்நியள் என்பதனாலேயே கிடைத்தது.

பாடங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வகுப்பறைக்கு வெளியே எனக்குக் கிடைத்த பெரும்பேறு நூலகங்கள். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், எழும்பூரிலேயே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் வரலாற்று மாணாக்கர்க்குப் பெருஞ்செல்வம். தோட்டத்துச் செக்ரோலில் பெயராகவும் இலக்கமாகவும் மட்டும் நான் அறிந்திருந்தவர்களை அங்கே மறுகரையிலிருந்து பார்க்க முடிந்தது. ஆட்சேர்ப்புக்கென்றே இலங்கைத் தோட்டத்துரைமார் 1904இல் திருச்சிராப்பள்ளியில் ஓர் ஆணையகத்தை நிறுவியிருந்தனர். கடனைத் துண்டுக் கடிதத்தில் எழுதி ஆளை அதனோடு பிணைத்த துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. "பஞ்சத்தால் வந்தோம்" என்று எங்கள் வீட்டில் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அதில் ஒரு பகுதியே. பஞ்சம் வரும்போது எவன் முதலில் ஊரைவிட்டு ஓடுகிறான் என்ற கேள்வியை நூல்கள் எனக்குள் எழுப்பின. விடை ஏட்டில் அன்றிப் பாதையிற் கிடைத்தது.

அப்பாயிக்கு ஊர் என்றால் துறையூருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமம். அவர் டிக்கோயாப் பக்கத்தில் ஒரு லயத்திற் பிறந்தவர். தம் வாழ்நாளில் கடலைக் கண்டதே இல்லை. எனினும் "நம்ம ஊர்ல ஐயனார் கோயில் இருக்கும், பக்கத்துல வாய்க்கா ஓடும்" என்று நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொல்லுவார். அது அவருடைய தாய் சொன்னது. அந்தத் தாய்க்கு அவர் தாய் சொன்னது. முசிறித் தோழியுடன் ஒரு சனிக்கிழமை அக்கிராமத்துக்குப் போனேன்.

கோயில் இருந்தது; வாய்க்காலும் இருந்தது. தேநீர்க் கடையில் இருந்த பெரியவர் ஒருவர், "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார். பூட்டனாரின் பெயரைச் சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். தெருப் பெயர் எதையும் அப்பாயி சொல்லித் தரவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவர்கள் என்றேன். "கண்டிச் சீமைக்குப் போனவங்களா? அப்ப அந்தப் பக்கமாத்தான் இருக்கும்" என்று வாய்க்காலுக்கு அப்பால் கையைக் காட்டினார். அதில் கடுமை இல்லை. எங்கள் தேநீருக்குக் காசும் அவரே கொடுத்தார். இருப்பினும் அந்தக் கை காட்டிய திசையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருந்தது. தமிழகத்துக் கிராமத்தில் "ஊர்" என்பது ஒரு பக்கம். சேரி என்றும் காலனி என்றும் சொல்லப்படுவது மறுபக்கம். ஊரார் என்ற சொல்லுக்குள் மறுபக்கத்தவர் அடங்குவதில்லை.

வாய்க்காலைக் கடந்து சென்றோம். பாய் விரித்து மோர் கொடுத்தனர். பூட்டனாரின் பெயரை அறிந்தவர் எவரும் இல்லை. மூதாட்டி ஒருவர் மட்டும், "எங்க தாத்தாகூடப் பொறந்தவரும் கண்டிக்குத்தான் போனாரு தாயி. போனவரு போனவருதான்" என்றார். அவர் எங்கள் பூட்டனாரா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் தோழியும் நானும் அதிகம் பேசவில்லை. அவள் தன் கிராமத்தில் வாய்க்காலின் எந்தப் பக்கத்தவள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று தலைமுறையாய் நாங்கள் "ஊர்" என்று ஏங்கிய இடம் எங்களை ஊருக்கு வெளியே வைத்திருந்த இடம் என்பதை அன்று உணர்ந்தேன். பசி அவர்களைத் துரத்தியது மெய். ஆயின் விட்டுச் செல்வதற்கு ஒரு காணி நிலமேனும் அவர்களுக்கு இருந்திருந்தால் பசியோடு சற்றுப் போராடிப் பார்த்திருப்பர். இதை அப்பாயியிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை எனக்கு இன்றும் தீரவில்லை. சுருங்கச் சொன்னால், கோயில் இருக்கிறது என்றேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்றேன். இரண்டும் உண்மை.

செப்டெம்பர் விடுமுறையில் கூடலூருக்குப் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் நீலகிரி மலை இரயிலில் உதகமண்டலம் வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் கீழிறங்க வேண்டும். 46 கிலோமீற்றர் தூரத்தை அந்த இரயில் மிக மெதுவாக ஏறுகிறது. 1885இல் நானுஓயாவை எட்டிய எங்கள் பாதையில் பற்சக்கரம் இல்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கூடலூரில் தென்மேற்குப் பருவ மழை பெய்துகொண்டிருந்தது. அதே மழை, அதே சேறு, அதே தேயிலை வாசம். பல வாரங்களுக்குப் பின் கம்பளிச் சட்டையை எடுத்து அணிந்தேன்.

ஒப்பந்தப்படி சென்றோரைத் தமிழ்நாட்டு அரசு "தாயகம் திரும்பியோர்" என்று அழைத்தது. மண்டபம் முகாமில் இறங்கியோர் பலருக்குச் சிறு வியாபாரக் கடன் கொடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்த் தேயிலையன்றி வேறெதுவும் அறியாதோர் கடை வைத்து எவ்வாறு பிழைப்பர்? கடன் கரைந்தபின் பலர் மலையைத் தேடி ஏறினர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் உண்டாக்கும் பணி தொடங்கிற்று. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி எங்கும் அவர்கள் பரந்து வாழ்கின்றனர். காடாய்க் கிடந்த மலையை வெட்டித் திருத்தித் தேயிலை நட்டதில் அவர்களின் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கே ஒரு முறை செய்ததையே அங்கே மறுமுறையும் செய்தனர் என்க.

சின்ன அப்பாயியின் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாயிருந்தது. "சிலோன்காரங்க வீடா? நேரே போங்க" என்றார் கடைக்காரர். அவர்கள் இந்தியக் குடிமக்களாகி அரைநூற்றாண்டு ஆகிறது. பேரப்பிள்ளைகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கின்றனர். பெயர் மட்டும் மாறவில்லை. அன்று இரவு தேங்காய் ரொட்டியும் சம்பலும் தந்தார். அக்கம்பக்கத்தார் அதனைச் சிலோன் ரொட்டி என்கிறார்களாம்.

அவர் என்னிடம் முதலிற் கேட்டது தம் அக்காவைப் பற்றியன்று. "என் அம்மி இருக்கா ஆயி?" என்றார். கப்பலில் ஏற்ற முடியாதென்று இஸ்தோப்பில் விட்டுச் சென்ற அம்மி அது. "இருக்கு, அதுலதான் இன்னமும் சம்பல் அரைக்கிறோம்" என்றேன். பிறகுதான் அழுதார்.

மறுநாட் காலை, சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, தொலைபேசியில் அக்காவையும் தங்கையையும் முகம் பார்க்கச் செய்தேன். இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் டிக்கோயாவிலிருந்து அப்பாயி கேட்டார்: "ஊர்ல மழை பெய்யுதா?" சின்ன அப்பாயி திருப்பிக் கேட்டார்: "இங்க கொட்டுது. ஊர்ல எப்படி?"

இருவருக்கும் அதே சொல். அக்காவுக்கு ஊர் அந்தக் கரையில். தங்கைக்கு ஊர் இந்தக் கரையில். ஐம்பது ஆண்டுகளாக இவ்விரு பெண்களும் தாம் வாழ்ந்த இடத்தை ஊர் என்று சொன்னதே இல்லை. இருவரும் தாம் காலமெல்லாம் உழைத்த மண்ணிலேயே விருந்தாளிகளாக இருந்துவிட்டனர். இதற்கு அவர்களின் ஏக்கம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட இயலாது. ஒரு மனிதர் ஓரிடத்தைத் தம் ஊர் எனக் கொள்வதற்குச் சில பொருள்கள் தேவை. அந்த இடத்தில் அவருக்கு வாக்கு வேண்டும். அவர் பெயரில் ஒரு துண்டு நிலம் வேண்டும். கடிதம் நேரே வந்து சேரும் ஒரு முகவரி வேண்டும். எங்கள் மூத்தோர்க்கு இவற்றுள் எதுவும் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்கு 1988இலும் 2003இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. தோட்டத்து அலுவலகத்தின் பெயரால் கடிதம் பெற்று, வேலை போனால் காம்பராவும் போகும் என்ற அச்சத்தில் வாழ்ந்தவர், கண்ணாற் காணாத ஐயனார் கோயிலைத் தம்முடையதாகக் கொண்டதில் வியப்பென்ன?

எனவே, ஏழு பேர்ச்சஸ் நிலம், தனிவீடு, உறுதிப்பத்திரம் என்று இன்று மலையகத்தில் எழும் கோரிக்கைகளை வெறும் கல்லும் சீமெந்தும் பற்றியவையாக நான் இனி எண்ண மாட்டேன். இந்திய உதவியுடன் தோட்டங்களில் வீடுகள் கட்டப்பட்டதும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்ததும் நாம் அறிந்தவை. அவை நன்றிக்குரியவை. ஆயின் வீட்டை இன்னொரு நாடு கட்டித் தரலாம். அந்த வீடு நிற்கும் மண்ணை உரித்தாக்கித் தருவது நம் நாட்டின் கடமை. அந்த மண் உரித்தாகும் நாளிலேதான் எங்கள் பிள்ளைகள் "ஊர்" என்ற சொல்லை டிக்கோயாவுக்கும் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் தயக்கமின்றி வழங்குவர்.

புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க எண்ணும் இளைய மாணாக்கர்க்கு, குறிப்பாக மலையகத்துத் தம்பி தங்கையர்க்கு, ஒன்று சொல்ல விரும்புகிறேன். தவறாது விண்ணப்பியுங்கள். அந்நாட்டின் நூலகங்களும் வகுப்பறைகளும் விடுதித் தோழமையும் நம் அறிவை விரிப்பவை. பன்மொழி பேசுவோர் ஒரே மேசையில் உண்ணும் காட்சி நம் தீவினர்க்கு நல்ல பாடம். ஆனால் வேரைத் தேடிப் போகிறோம் என்ற கற்பனையை இங்கேயே வைத்துவிட்டு, வெளிநாட்டு மாணாக்கராகவே போய்ப் படியுங்கள். படிவத்தில் "இலங்கை" என்று எழுதுங்கள். எங்கள் பாட்டன்மார்க்கு மறுக்கப்பட்டிருந்த சொல் அது.

என் இறுதியாண்டு ஆய்வை, அட்டன் பக்கத்துக் குடும்பங்களுக்கும் நீலகிரிக் குடும்பங்களுக்கும் இடையே 1970களில் போய்வந்த கடிதங்களைப் பற்றிச் செய்யவிருக்கிறேன். சின்ன அப்பாயியின் தகரப் பெட்டியில் பதினொரு கடிதங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் நான்கு எஞ்சியுள்ளன. இதனை வாசிப்போர் வீடுகளிலும் அத்தகைய நீலநிற வான்கடிதங்கள் பரண்மேற் கிடக்கக் கூடும். கரையான் முந்துவதற்குள் அவற்றை எடுத்துத் தூசி தட்டி, எழுதியவர் யார், எந்தத் தோட்டத்தவர், எந்த ஆண்டில் போனார் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.